பலகையில் என் முகம் வேண்டாம்

தம்பி,

இதை எழுதுகிற கை என்னுடையது இல்லை. சொல்லுகிற வாய் மட்டும்தான் என்னுடையது. மரக்காணம் தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பாரே, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருப்பார், அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டா, முதியோர் பென்ஷன், மழை நிவாரணம் என்று எழுதியே பழகிய மனிதர். நான் உட்கார்ந்ததும், "அனுப்புநர் ஆச்சி, பெறுநர் ஆச்சி. பொருள்னு இன்னா போடட்டும் பெரியவரே?" என்றார். "பெத்த புள்ளைக்கு எழுதறதுக்குப் பொருள் எதுக்குங்க?" என்றேன். "பொருள் இல்லாம நான் இதுவரைக்கும் ஒரு தாள் எழுதினது இல்லியே" என்றார். யோசித்துப் பார்த்துவிட்டு, "பொய் சொன்னது சம்பந்தமாக, அப்படின்னு போடுங்க" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வேறு தாள் எடுத்தார். இது அந்தத் தாள்.

போனில் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் உன் பின்னால் சுத்தியல் சத்தம், வெல்டிங் சத்தம். "இன்னாப்பா, சொல்லு" என்றாய். நான் "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது முறை நீயே சிரித்தாய்: "அப்பா, காலைலதான் கேட்ட. உனுக்கு இன்னா ஆச்சி?" போனில் தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிவிடலாம். காகிதத்தில் ஏறிவிட்டதை விழுங்க முடியாது. அதனால்தான் கால் கடுக்க இங்கே நடந்து வந்தேன்.

போன வாரம் நீ அனுப்பிய படத்தைப் பக்கத்து வீட்டுச் செல்வி தன் போனில் காட்டினாள். கீழ்புத்துப்பட்டில் ரோட்டை ஒட்டி நீ கட்டியிருக்கும் ஒர்க்ஷாப்புக்கு அடித்த பலகை. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் முகம் எனக்குத் தெரியும். ஒரு ஓரத்தில் பெரிய இன்ஜின், இன்னொரு ஓரத்தில் நான். நரைத்த முடிக்கு மை பூசி, தோளில் துண்டு போட்டு, எனக்கே என்னைப் பார்த்தால் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. செல்வி படித்தாள்: "இன்ஜின்காரர் டீசல் ஒர்க்ஸ்." அதன் கீழே என் பெயர். படித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்க்காமல் போனை முந்தானையில் துடைத்தாள். ஏன் பார்க்கவில்லை என்று பின்னால் சொல்கிறேன். பதினைந்து நாளில் திறப்பு, ஃபாதர் வந்து மந்திரித்து ஆசீர்வதிக்கிறார், ரிப்பனை நான்தான் வெட்ட வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். நான் இன்ஜின்காரன் இல்லை. என் ஆயுளில் ஒரு இன்ஜினைக்கூட நான் சரிசெய்தது கிடையாது. செய்ததெல்லாம் உன் அம்மா. இதைச் சொன்ன பிறகு நீ என்னை எப்படிப் பார்ப்பாயோ தெரியாது. வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. உப்புப் பாத்தி முதலாளியுடையது. பாதிப் பார்வை உப்பு வெள்ளையில் போய்விட்டது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள, நீ என்மேல் வைத்திருக்கிற மரியாதை ஒன்றுதான் மிச்சம். அதை உன்னிடமே திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் சொன்னாய், துபாயில் உன் ரூமில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாய். கோடை உச்சியில் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் நின்றுபோனது, பாத்திகளெல்லாம் தண்ணீர் கேட்டுக் காய்ந்து கிடந்தன, பாண்டிச்சேரி மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள், எங்கப்பா கைநாட்டு, ஆனா தனியாளா நின்னு ஓட்டிட்டார் என்று. அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ ஐடிஐயில் டீசல் மெக்கானிக் எடுத்தாய். நான் உனக்குக் கொடுத்த சொத்து அந்தக் கதைதான். நடந்தது வேறு.

உப்பு வாருகிறவர்கள் முறை வைத்து இன்ஜினைப் பார்த்துக்கொள்வோம்; அன்று என் முறை, காலையிலேயே நான் குடித்திருந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, கொட்டகை நிழலில் படுத்துத் தூங்கிவிட்டேன். டாங்கியில் டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றபோதுதான் விழித்தேன். ஓடிப்போய் டீசல் ஊற்றிச் சுற்றினேன். உயிர் வரவில்லை. கூட இருந்த இரண்டு பேரும் தோள் கழன்றுபோகும் அளவுக்குச் சுற்றிவிட்டு, "மொதலாளி வந்தா நீயே பேசிக்கோ" என்று சாப்பிடப் போய்விட்டார்கள். நான் தனியாக நின்றேன். மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்று முதலாளிக்குச் சேதி போயிருந்தது, மத்தியானம் வருவார். வேலை போனால் அந்தப் பருவம் முழுக்க வேறு உப்பளத்தில் சேர்க்கமாட்டார்கள். உனக்கு அப்போது ஐந்து வயது, கக்குவான் இருமல்.

அப்போது உன் அம்மா கூழ்ப் பானையோடு வந்தாள். அவள் அதே அளத்தில் உப்புக்கூடை சுமக்கிறவள். சும்மாடுகூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். "இன்னாய்யா, சோத்துக்கு வராம அத்தோட மல்லுக்கு நிக்கற?" என்றாள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். "டீசல் இருக்குதா?" என்றாள். இப்போதுதான் ஊற்றினேன் என்றேன். "இப்பதான்னா? அதுக்கு முன்னாடி காலியா கெடந்துச்சா?" என் வாயிலிருந்து வந்த வாடையே அவளுக்குப் பதில் சொல்லியிருக்கும். "அப்போ குழாயில காத்து பூந்துக்கினு இருக்குது. தள்ளு" என்றாள்.

ஸ்பானரை எடுத்தாள். பம்ப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் தளர்த்தினாள். இன்னொரு கையால் அங்கே இருந்த சின்ன நெம்பியை மேலும் கீழும் ஆட்டினாள். நட்டு ஓரமாக டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது, குழந்தை வாயில் பால் நுரைப்பதுபோல. "போதும், மூடு, மொதலாளி வந்துடுவாரு" என்று நான் பறந்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இரு. இன்னும் இருக்குது" என்றாள். நுரை நின்று, குமிழி நின்று, டீசல் கண்ணாடிபோல வழிந்த பிறகுதான் நட்டை இறுக்கினாள். "இப்போ சுத்து" என்றாள். இரண்டே சுற்று. கொட்டகைக் கூரை அதிர்ந்தது.

"உனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். "பாண்டிச்சேரி ஆளு ரெண்டு வாட்டி வந்து செஞ்சாரு இல்ல, பாத்தேன்" என்றாள். "நீ உப்பு சொமந்துக்கினு இருந்தியே" என்றேன். "தலைலதான உப்பு. கண்ணுக்கு இன்னா வேல? பாத்துக்கினே போவேன்." இதே கொட்டகையில் அந்த மெக்கானிக் பக்கத்திலேயே நின்று, ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் நான். நான் பார்த்தது அவர் பீடியை.

சத்தம் கேட்டு முதலாளியின் ஸ்கூட்டர் நேராகக் கொட்டகைக்கு வந்தது. "எவன்டா ஓட்டனது? மெக்கானிக்கு வர ரெண்டு நாளாவும்னு சொல்லி அனுப்பினானுங்களே!" என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் புடவையில் டீசலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சாடை காட்டவில்லை தம்பி. அவள் விட்டுக்கொடுத்தாள் என்று நான் பல வருஷம் எனக்குள் சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். "நான்தாங்க" என்றேன். முதலாளி என் முதுகில் தட்டி, "பாத்தியாம்மா உன் புருசன் கைய!" என்றார். உன் அம்மா கூழ்ப் பானையை எடுத்தபடி, "ஆமாங்க. வூட்ல ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. வித்தையெல்லாம் இங்க வந்தாத்தான்" என்றாள். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து நான் உப்பு வாரவில்லை. இன்ஜினுக்குப் பொறுப்பாளன் ஆனேன். ஊர் என்னை இன்ஜின்காரர் என்றது. அதற்குப் பிறகு அந்த இன்ஜின் எத்தனை தடவை நின்றிருக்கும்! ஒவ்வொரு தடவையும் சோறு கொண்டுவருகிற சாக்கில் உன் அம்மா வருவாள். நான் கொட்டகை வாசலில் வெளியே பார்த்தபடி, யாராவது வருகிறார்களா என்று காவல் நிற்பேன். உள்ளே அவள் வேலை செய்வாள். முடித்துவிட்டு மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, மறுபடி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போவாள். அவள் கையில் இருக்கும் கருப்பு போய்விடும். என் கையில் கருப்பு இருக்க வேண்டும் அல்லவா? அதனால் வீட்டுக்குக் கிளம்பும் முன் கிரீஸ் டப்பாவில் இரண்டு விரலை விட்டு உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வேன். நீ வாசலிலேயே ஓடிவந்து என் கையை மோந்து பார்ப்பாய். "அப்பா வாசன" என்பாய். உன் அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் அவள் முகம் மாறவில்லை. மாறியிருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேனோ என்னவோ.

நீ துபாய் போன இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் போன் செய்தாயே, அதை நீ மறந்திருக்கமாட்டாய். ஜெனரேட்டர் கரும்புகை கக்குகிறது, இழுக்கவில்லை, நாலு பேர் சேர்ந்து உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றியாயிற்று, சூப்பர்வைசர் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிறான் என்று அழுகிற குரலில் சொன்னாய். போனை எடுத்தது உன் அம்மா. "இன்னாடா சத்தம் போடுது அது?" என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். "அம்மா, நீ வையி. உனுக்கு இதெல்லாம் புரியாது. அப்பாகிட்ட குடு" என்றாய். அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் அழுத்திவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள். நீ சொல்லச் சொல்ல, அவள் என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைப்பாள்; நான் அதற்குக் குரல் கொடுப்பேன். "எப்போ ஆரம்பிச்சிச்சின்னு கேளு." கேட்டேன். மணல் காற்று அடித்த மறுநாளிலிருந்து என்றாய். அவள் கீரையைக் கீழே வைத்தாள். "மணல் ஊரு. உள்ள எதுக்குக் கழட்டறானுங்க? மேல காத்து வடிகட்டற டப்பாவப் பாக்கச் சொல்லு. அதுக்கு மூச்சு முட்டுது." நான் அதையே என் குரலைக் கனமாக்கிச் சொன்னேன். அரை மணி கழித்து நீ திரும்பக் கூப்பிட்டாய். "அப்பா, நீ தெய்வம்பா" என்றாய். நான் போனை வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் கீரைத் தண்டை நறுக்கிக்கொண்டே, "தெய்வமே, எழுந்துபோயி அந்தக் கொடத்துல தண்ணி புடி" என்றாள்.

இப்படிச் சிரித்துச் சிரித்தே அவள் என்னைக் காப்பாற்றினாள். ஆனால் சிரிக்க முடியாத ஒன்றையும் நான் செய்தேன். மாதா கோயிலில் ஒரு சிஸ்டர், பெண்களுக்கு மோட்டார் காயில் கட்டவும் பம்ப் ரிப்பேர் பார்க்கவும் ஆறு மாதப் பயிற்சி வைக்கிறோம், வானூரிலிருந்துகூடப் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று பூசை முடிந்ததும் அறிவித்தார். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவள் முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். வெளியே வந்ததும் சிஸ்டர் நேராக அவளிடம் வந்து, "நீங்க சேருறீங்களா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அவுளுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். ரொம்பப் பயந்தவ." ஏன் சொன்னேன் தெரியுமா? அவள் போய் ஒரு நாள் ஸ்பானரைக் கையில் எடுத்தால், பார்க்கிறவர்களுக்கு என் பவுசு தெரிந்துவிடும். உன் அம்மா சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா சிஸ்டர். எனுக்கு வத்திக்குச்சி கிழிக்கவே பயம்." வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் குழம்பில் உப்பு இல்லை. உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பில்லாத குழம்பு. நான் கேட்காமல் சாப்பிட்டேன்.

உனக்கு உப்பளம் தெரியும். ஆனாலும் நீ சின்ன வயதிலேயே படிக்கப் போய்விட்டதால் இது தெரியாமல் இருக்கலாம். காற்று அடிக்காத நாளில், பாத்தித் தண்ணீர் முற்றியிருக்கும்போது, மேலே ஏடு கட்டும். பார்க்கப் பால் ஏடு மாதிரி அழகாக இருக்கும். மேலே வெயில் கொளுத்தும், அடியில் தண்ணீர் நிறைய உப்பு இருக்கும், ஆனால் அந்த ஏடு நடுவில் மூடிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். ஆள் போய் உப்பு வாருகிற வாரியால் அதைக் கலைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. உப்பை யாரும் உண்டாக்குவதில்லை. மூடியிருப்பதைக் கலைத்துவிட்டால் போதும், அது தானாக இறங்கும். சிஸ்டர் வாரியோடு வந்தார். நான் அவரைப் பாத்தி வரப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

உன் அம்மாவின் கடைசி மூன்று நாளும் நீ பக்கத்தில் இருந்தாய். சிறுநீரகம் கெட்டு உடம்பு ஊதிப்போய், நினைவு போவதும் வருவதுமாகக் கிடந்தாள். அவள் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வை ஓரத்தை மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தன. உன் பெண்சாதி அழுதுகொண்டே, "பாருங்க, அத்தை செபமாலை சொல்றாங்க" என்றாள். நீ ஓடிப்போய் மாதா படத்தின் கீழே இருந்த செபமாலையை எடுத்துவந்து அந்த விரல்களுக்கு இடையில் வைத்தாய். அவள் அதை நகர்த்திவிட்டுப் போர்வையையே உருட்டினாள். உனக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அது மணி உருட்டுகிற கை இல்லை, நட்டுத் திருகுகிற கை. நான் கிட்டே குனிந்தேன். உதடு அசைந்தது. நீ "இன்னாப்பா சொல்றாங்க?" என்று கேட்டாய். நான் "ஏசுவே, ஏசுவேன்னு கூப்புடறா" என்று சொன்னேன். அவள் சொன்னது அது இல்லை தம்பி. "இரு. இன்னும் இருக்குது" என்றாள். கடைசிப் பேச்சைக்கூட உன்னிடம் மாற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் விரல் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்து நீ போன பிறகுதான் எனக்குத் தனிமை என்றால் என்ன என்று தெரிந்தது. வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டால் அதிலும் ஏதாவது கோளாறு இருக்குமோ, யாரிடம் கேட்பது என்று தோன்றும். அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு நாள் காலையில் தெருக்கோடிக்காரி ஒருத்தி கையில் மிக்ஸியோடு வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அக்கா இல்ல இல்ல... பழக்கத்துல வந்துட்டேன்" என்று திரும்பிப் போனாள். இரண்டு நாள் கழித்து இன்னொருத்தி டேபிள் ஃபேனோடு. அப்புறம் தையல் மிஷின் தலையைத் துணியில் கட்டிக்கொண்டு ஒரு கிழவி. வருவார்கள், நிற்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒருத்திகூட "இன்ஜின்காரரே, நீங்க பாருங்களேன்" என்று சொல்லவில்லை.

செல்வியிடம்தான் கேட்டேன். "ஏம்மா, நான் இன்ஜின்காரன். எங்கிட்ட குடுக்கலாம் இல்ல?" "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்குத் தெரியும்" என்றாள். "இன்னா தெரியும்?" "எல்லாம்தான். அக்காதான் இன்ஜின் பாத்தாங்கன்னு. உப்பு சொமக்கற பொம்பளைங்க அத்தினி பேருக்கும் தெரியும். கொட்டாய் பின்பக்கம் ஓலை கிழிஞ்சிதான மாமா கெடந்துச்சி? நீங்க முன்னாடி காவல் நிப்பீங்க. நாங்க பின்னாடி வழியா பாத்துக்கினே போவோம்." "அப்போ ஏன் யாரும் சொல்லல?" என்றேன். "அக்கா மாதா மேல சத்தியம் வாங்கிக்கினாங்க. அவரு மானம் போயிடும், எம்புள்ளைக்கு அவங்கப்பான்னா உசுரு, வாயத் தொறக்கக் கூடாதுன்னு. இப்போ அவங்களே போயிட்டாங்க. சத்தியமும் அவங்களோட போயிடுச்சி, இல்ல மாமா?"

முப்பது வருஷத்துக்கு மேல் நான் வாசலில் காவல் நின்றது சும்மா. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த ரகசியத்தை நான் தனியாக வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெரியாதது ஒருவனுக்குத்தான். அது நீ.

கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, ஃபாதரிடம் கேட்டேன். "ஃபாதர், ஆத்துமா ஆண்டவர்கிட்ட போவுதுன்றீங்க, சரி. அவ கையில ஒரு வித்தை இருந்துச்சி. முழுசா வெளிய வரவே இல்ல. நான் வர விடல. அது எங்க போவும்? அதுவும் கூடவே பொதைஞ்சிடுமா?" நல்ல பிள்ளை அவர், உன்னைவிட வயது குறைவு. பதில் இருப்பதுபோல் நடிக்கவில்லை. "எனக்குத் தெரியலைங்க பெரியவரே" என்றார். காற்றில் அணைந்த மெழுகுவத்தியை அவரே மறுபடி ஏற்றினார்.

அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை என்ன? டீசலைத் தரையில் ஊற்றினால் நாறும், அவ்வளவுதான். இன்ஜினுக்குள் போய் நெருக்கப்பட்டால்தான் அதற்குள் இருக்கும் வலு தெரியும். மனுஷனுக்குள்ளும் அப்படி ஒரு வலு இருக்கிறது. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று வெளியே பார்த்தால் தெரியாது. கைநாட்டுக்காரிக்குள்ளும் இருக்கும், கூடை சுமக்கிறவளுக்குள்ளும் இருக்கும். சாகும்போது அது என்ன ஆகிறது என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது உப்புதான். ஐப்பசி மழைக்கு முன்னால் வாராமல் விட்ட பாத்தி கரைந்து கால்வாயில் ஓடும், அங்கிருந்து கடலுக்கு. கடலுக்கு அதில் நஷ்டம் இல்லை, வந்த இடத்துக்கே போகிறது. வாராமல் உட்கார்ந்திருந்தவன் வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் எல்லாமும் கரைந்துவிடவில்லை. போன மாதம் செல்வி தன் வீட்டு வாசலில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் "போதும் மூடுடி, நேரமாவுது" என்று கத்தினான். அவள் நிமிராமல், "இரு, இன்னும் இருக்குது" என்றாள். நான் வரப்பில் வழுக்கியவன்போல அங்கேயே நின்றுவிட்டேன். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

உன் கையும் அவளுடையதுதான். அப்பா கை என்று சொல்லி உலகமெல்லாம் காட்டினாய். என் கையில் இருந்தது டப்பாக் கிரீஸ். உனக்கு வந்திருக்கிற வித்தை எல்லாம் அந்தக் கொட்டகைக்குள் இருந்து வந்தது. நான் அதன் வாசலில் நின்றவன். அவள் உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை நீ "அம்மா, உன்னாலதான்" என்று சொல்ல அவள் கேட்டிருக்கலாம். அந்த ஒரு சொல்லை அவளிடமிருந்து நான் தின்றுவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது உன்னிடம் இல்லை. ஆனாலும் உன்னிடமும் கேட்கிறேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் ஒர்க்ஷாப்பில் கூட்டிப் பெருக்க ஒரு பொம்பளை வருவாள், டீ கொண்டுவர ஒருத்தி வருவாள், மத்தியானம் உன் பெண்சாதி சோறு கொண்டுவருவாள். வந்தவர்கள் வேலை முடிந்த பிறகும் நின்று எதையாவது பார்க்கிறார்களா என்று கவனி. பார்த்தால் ஸ்பானரை நீட்டு. அதிகம் பேசாதே. நான் பேசித்தான் கெடுத்தேன்.

இப்போது பலகை. என் முகத்தை எடுத்துவிடு. இன்ஜின்காரர் என்ற பேரையும் எடுத்துவிடு. உன் அம்மா பேரை, சகாயமேரி என்று போடு. ஆனால் வெறும் பேரைப் போட்டால் ரோட்டில் போகிறவர்கள் மாதா பேர் என்று நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் படமும் வேண்டும். அவளுக்குத் தனியாக நல்ல படம் இல்லை என்று நீ சொல்வாய். ஒன்று இருக்கிறது. உன் கல்யாண ஆல்பத்தில், நாம் எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கிற படத்தில், அவள் மட்டும் கழுத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாளே, போட்டோக்காரன் படத்தைக் கெடுத்துவிட்டான் என்று நீகூடச் சண்டை போட்டாயே, அந்தப் படம். அவன் கெடுக்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரில் ஒரு துடிப்பு விட்டுப்போனது. மேளச் சத்தத்திலும் அவளுக்கு அது கேட்டது. அவள் முகம் முழுசாக அவளுடையதாக இருக்கிற படம் அது ஒன்றுதான். அதைப் போடு.

மனு எழுதுகிறவர் கேட்கிறார், நகல் யாருக்காவது அனுப்ப வேண்டுமா என்று. ஊருக்கே காட்டலாம் என்றேன். "வெக்கமா இருக்காதா பெரியவரே?" என்றார். "ஊருக்கு ஏற்கெனவே தெரியும்ங்க. இவனுக்குத்தான் புதுசு" என்றேன். அதனால் நீ இதை மடித்து மறைக்க வேண்டாம். யார் கேட்டாலும் படித்துக் காட்டு.

திறப்பு நாளன்று நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருவேன். பஸ்ஸைவிட்டு இறங்கி, கூட்டத்துக்குப் பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பேன். ரிப்பனை உன் பெண்சாதியை வெட்டச் சொல். யாராவது என்னைப் பார்த்து "இன்ஜின்காரரே" என்று கூப்பிட்டால் நான் திரும்பமாட்டேன். நீ "அப்பா" என்று கூப்பிட்டால் வருவேன்.

கைநாட்டு வைத்திருக்கிறேன். விரலில் ஒட்டிய கருப்பு மையைத் துடைக்கவில்லை.